கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்: நியாயமாகப் பொருள் வாங்குவது என்றால் என்ன?

கையால் செய்தது என்று சொல்லி விற்கும் கம்பளத்தைப் பார்த்தால் எல்லோரும் மேல்பக்கத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள். நிறம், பூவேலை, மென்மை எல்லாம் அங்கேதான் இருக்கிறது, சரி. ஆனால் அது எப்படிச் செய்யப்பட்டது என்பது அடிப்பக்கத்தில் தெரியும். ஒரு மூலையைப் புரட்டுங்கள். மேலே இருக்கும் அதே பூ கீழேயும் தெளிவாகத் தெரிந்து, வரிசை வரிசையாகப் பொடி முடிச்சுகள் கண்ணில் பட்டால் அது முடிச்சுக் கம்பளம். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாகக் கையால் போட்டு நெய்தது. அடியில் ஒரு துணி ஒட்டியிருந்தால் அது வேறு வகை. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் துணியில் நூலைக் குத்தி ஏற்றி, பின்பக்கம் லேடெக்ஸ் பசை பூசி, அந்தப் பசை தெரியாமல் இருக்க இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள். குஞ்சத்தையும் கவனியுங்கள். முடிச்சுக் கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் மிச்சம்தான். கம்பளத்தைப் பிரிக்காமல் அதைப் பிரிக்க முடியாது. மற்றதில் தனியாகத் தைத்துச் சேர்த்திருப்பார்கள்.

இரண்டையும் 'கைவேலை' என்று விற்கலாம். இரண்டிலும் கை பட்டிருக்கிறது, பொய் இல்லை. ஆனால் எவ்வளவு வேலை? ஒரு சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு உள்ள, 6 அடிக்கு 9 அடிக் கம்பளத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 7,776 சதுர அங்குலம், அதாவது 7,77,600 முடிச்சு. கைதேர்ந்த நெசவாளர் ஒருவர் நாளைக்கு எட்டாயிரம் முடிச்சு போடுகிறார் என்று வைத்தால் 97 நாள் வேலை. கம்பளியை நூற்பது, சாயம் போடுவது, தறியில் பாவு ஏற்றுவது, கடைசியில் கழுவி மட்டமாகக் கத்தரிப்பது இவையெல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதே அளவுக் கம்பளத்தைத் துப்பாக்கிக் கருவியால் சில நாள்களில் குத்தி முடித்துவிடலாம். ஆயுளும் ஒன்றல்ல. முடிச்சுக் கம்பளத்தில் ஓர் இடம் தேய்ந்தால் அங்கே மட்டும் மறுபடி முடிச்சுப் போட்டுச் சரிசெய்யலாம். பேரப்பிள்ளைகள் காலம் வரை வரும். லேடெக்ஸ் பசையோ சில ஆண்டுகளில் காய்ந்து பொடியாக உதிரத் தொடங்கும்.

நியாயமாக வாங்குவது, நீடித்த வடிவமைப்பு, கைவினைஞருக்கு ஆதரவு என்று தனித்தனித் தலைப்புகளில் பேசப்படும் விஷயங்கள் எல்லாம் இந்தப் புரட்டிப் பார்ப்பதற்குள்ளேயே இருக்கின்றன. இதைச் செய்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது? இது எதனால் ஆனது, எத்தனை நாள் உழைக்கும்? விற்பவர் சொல்வது உண்மையா? கேள்விகள் எளிமையானவை. பதில் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் வேலை.

பணம் யார் கைக்குப் போகிறது?

2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷின் டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். முந்தின நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே இருந்த தையல் ஆலைகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கே தைத்த உடைகள் உலகம் முழுக்க விற்ற பிராண்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் தங்கள் உடை எந்தக் கட்டடத்தில் தைக்கப்படுகிறது என்பதே அவற்றில் சிலவற்றுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பிராண்டு ஒருவரிடம் ஆர்டர் கொடுக்கும், அவர் இன்னொருவரிடம், அவர் வேறொருவரிடம். ஒவ்வொரு கை மாறும்போதும் விலை குறையும், பொறுப்பும் கரையும்.

இதைக் கேட்டதும் 'அந்த நாட்டுத் துணியே வேண்டாம்' என்று முடிவு கட்டத் தோன்றும். அதை நான் ஏற்பதில்லை. ஆர்டர் நின்றால் முதலில் வேலை போவது அந்தத் தையல்காரருக்குத்தான். உண்மையில் பலன் தந்தது வேறு வழி. அதே ஆண்டு மே மாதம் தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் சேர்ந்து, தீ மற்றும் கட்டடப் பாதுகாப்புக்காகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டன. வெளி ஆய்வாளர்கள் ஆலைக்குள் போய்ப் பார்த்தார்கள், அறிக்கைகள் பொதுவில் வந்தன. வாங்குபவர்கள் கேள்வி கேட்டது இந்த அழுத்தத்தில் ஒரு பங்கு.

கைவினைப் பொருள்களில் சங்கிலி இன்னும் மறைவாக இருக்கும். ஆலை என்று ஒரு கட்டடமே இல்லாமல், வீடு வீடாக வேலை நடக்கும். நூலையோ மூங்கிலையோ ஒரு தரகர் கொண்டுவந்து கொடுப்பார், முடித்த பொருளை அவரே எடுத்துப் போவார், என்ன விலைக்கு விற்றார் என்பது செய்தவருக்குத் தெரியாது. இந்தச் சங்கிலியைக் குறுக்கும் முயற்சிதான் நியாய வர்த்தகம். 1946இல் அமெரிக்காவின் எட்னா ரூத் பைலர் என்ற பெண் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போனபோது அங்கே பெண்கள் செய்த தையல் பூவேலையைப் பார்த்தார். அதை வாங்கி வந்து, காரின் பின்பெட்டியில் வைத்து, தெரிந்தவர்களுக்கு விற்றார். அது பின்னாளில் ஒரு பெரிய விற்பனை அமைப்பாக வளர்ந்தது. 1988இல் நெதர்லாந்தில் காபிக்கு முதல் நியாய வர்த்தக முத்திரை வந்தது. இன்று பல பொருள்களில் பார்க்கும் ஃபேர்டிரேடு முத்திரைக்கு அதுதான் முன்னோடி.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. காபி, கோக்கோ, பருத்தி மாதிரி விளைபொருளுக்குக் குறைந்தபட்ச விலை வைத்து முத்திரை குத்துவது ஓரளவு எளிது. ஒரு மூட்டை காபியும் இன்னொரு மூட்டையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு கூடைக்கு, ஒரு பொம்மைக்கு, ஒரு கம்பளத்துக்கு என்ன 'குறைந்தபட்ச விலை' வைப்பது? அதனால் கைவினை உலகில் பெரும்பாலும் பொருளை விட்டுவிட்டு அமைப்பைச் சோதிக்கிறார்கள். உலக நியாய வர்த்தக அமைப்பு பத்துக் கோட்பாடுகளை வைத்து உறுப்பினர்களைப் பரிசோதிக்கிறது. அவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதிகம் பேசப்படாத ஒன்று: கைவினைஞர் கேட்டால், ஆர்டர் மதிப்பில் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாத முன்பணமாகக் கொடுக்க வேண்டும்.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? ஒரு நெசவாளருக்கு ஐம்பது போர்வைக்கு ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். நூல் வாங்க இன்றைக்கே பணம் வேண்டும். நெய்து முடிக்க மூன்று மாதம். அனுப்பி, அவர்கள் சரிபார்த்து, பணம் வர இன்னும் இரண்டு மாதம். இந்த ஐந்து மாதம் வீட்டுச் செலவு எங்கிருந்து வரும்? கடன்தான். யாரிடம்? பெரும்பாலும் நூல் கொடுக்கும் அதே தரகரிடம். கடன் வாங்கிய பிறகு அவர் சொன்ன விலைதான் விலை. ஆக, விலையைக் கூட்டிக் கொடுத்தும் பணத்தை ஆறு மாதம் கழித்துக் கொடுத்தால், கூட்டியதெல்லாம் வட்டிக்குப் போய்விடும். 'நாங்கள் கைவினைஞர்களை ஆதரிக்கிறோம்' என்று எழுதி வைத்திருக்கும் கடையிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அட்வான்ஸ் கொடுக்கிறீர்களா, மீதியை எத்தனை நாளில் கொடுக்கிறீர்கள்? நேர்மையாக நடத்துபவர்கள் எண்ணைச் சொல்வார்கள். மற்றவர்கள் கலை, பாரம்பரியம் என்று பேச்சை மாற்றுவார்கள்.

முத்திரை எதற்குப் பதில் சொல்கிறது?

ஒவ்வொரு முத்திரையும் தன் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். மற்றதற்கும் சேர்த்துச் சொல்வதாக நாமே நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம். கம்பளத்துக்கே வருவோம். குட்வீவ் என்ற முத்திரை 1994இல் ரக்மார்க் என்ற பெயரில் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர் கைலாஷ் சத்யார்த்தி; பின்னாளில், 2014இல், அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. முதன்மையாக அது சொல்வது, இந்தக் கம்பளத்தில் குழந்தை உழைப்பு இல்லை என்பது. சாயத் தண்ணீர் எங்கே போனது என்பதை அந்த முத்திரையைப் பார்த்து ஊகிக்க முடியாது.

துணியில் அடிக்கடி பார்ப்பது ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100. தோலில் படும் துணியில் தீங்கான ரசாயனம் வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதித்துத் தருவது. குழந்தைத் துணி வாங்குபவருக்கு மிகவும் பயனுள்ளது. ஆனால் அந்தப் பருத்தி இயற்கை முறையில் விளைந்ததா, தைத்தவருக்கு ஒழுங்காகக் கூலி கிடைத்ததா என்பது அதன் வேலை இல்லை; பாலியெஸ்டர் துணிக்கும் அது கிடைக்கும். ஜி.ஓ.டி.எஸ். என்ற, ஆர்கானிக் (இயற்கை முறையில் விளைந்த) துணிகளுக்கான உலகத் தர முத்திரை இன்னும் அகலமானது. 'ஆர்கானிக்' என்று போட வேண்டுமென்றால் இழையில் குறைந்தது 95 சதவீதம் இயற்கை முறையில் விளைந்ததாக இருக்க வேண்டும். 'ஆர்கானிக் இழை கலந்தது' என்ற கீழ்ப்படிக்கு 70 சதவீதம். சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றுக்கும் அதில் விதிகள் உண்டு. காடு பொறுப்பாகப் பராமரிக்கப்படுகிறதா என்று பார்த்து மரத்துக்கும் காகிதத்துக்கும் தரும் எஃப்.எஸ்.சி. முத்திரையில் '100 சதவீதம்', 'கலப்பு', 'மறுசுழற்சி' என்று மூன்று வகை இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

முத்திரை இல்லாததெல்லாம் மோசம் என்றும் சொல்ல முடியாது. சான்றிதழுக்குப் பணம் ஆகும், ஆவணங்கள் வேண்டும், ஆண்டுதோறும் ஆய்வு வரும். நாலு பேர் வேலை செய்யும் ஒரு மட்பாண்டக் கூடத்தால் அதைத் தாங்க முடியாது. அப்படிப்பட்டவரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வதே போதுமானது.

முத்திரையும் இல்லாமல், நேரில் கேட்கவும் வழியில்லாமல், வெறும் வார்த்தையாக வருவதுதான் ஆபத்து. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது', 'பசுமையானது', 'பூமியின் நண்பன்'. 2020இல் ஐரோப்பிய ஆணையம் செய்த ஆய்வில், இப்படிச் சுற்றுச்சூழல் பெயரால் சொல்லப்பட்டவற்றில் 53 சதவீதம் தெளிவில்லாமலோ, தவறாக வழிகாட்டுவதாகவோ, ஆதாரமில்லாமலோ இருந்தன. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. நிரூபிக்க முடியாமல் இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு அது தடை போடுகிறது. 2026 செப்டம்பர் 27 அதன் நடைமுறைத் தேதி.

இயற்கை, துணிப்பை, ஆயுள்

'இயற்கைச் சாயம்' என்றதும் மனம் இளகிவிடும். நீலச் சாயம் தரும் அவுரிச் செடியில் சாயம் ஏற்றுவதைப் பார்த்தால் யாருக்கும் இளகும்தான். தொட்டியிலிருந்து துணியை எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்று பட்டதும் கண் முன்னாலேயே நீலமாக மாறும். திரும்பத் திரும்ப முக்கினால் நீலம் ஆழமாகும். ஆனால் அவுரியைப் போலன்றி, பெரும்பாலான தாவரச் சாயங்கள் தாமாகத் துணியில் நிற்காது. பிடிப்பு ஏற்ற ஓர் உலோக உப்பு வேண்டும். படிகாரம் போட்டால் கவலை குறைவு. குரோமியமோ தாமிரமோ போட்டால், சாயம் இலையிலிருந்து வந்தது என்பதால் கழிவுநீர் சுத்தமாகிவிடாது. அதனால் 'இயற்கைச் சாயமா?' என்பதோடு நிற்காமல், 'எதைப் போட்டுப் பிடிக்க வைக்கிறீர்கள்?' என்றும் கேளுங்கள். சாயக்காரருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். தெரிந்தவர் என்றால் அரைமணி நேரம் பேசுவார்.

துணிப்பையின் கதை இன்னும் சங்கடமானது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2018இல் பைகளை ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால், சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். ஆர்கானிக் பருத்திப் பைக்கு 149 தடவை. எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது. ஆர்கானிக் பருத்தியில் விளைச்சல் குறைவு என்பது ஒரு காரணம். பிளாஸ்டிக் குப்பை கடலில் சேர்வதை அந்தக் கணக்கு சேர்க்கவில்லை என்ற குறையும் உண்டு, அது நியாயமான குறைதான். ஆனாலும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. வீட்டில் கதவுக்குப் பின்னால் பதினைந்து துணிப்பை தொங்கினால் அது சிக்கனம் இல்லை. ஒன்றை நைந்து போகும் வரை தூக்கிப் போவதுதான் சிக்கனம்.

நீடித்த வடிவமைப்பு என்பதும் பெரும்பாலும் ஆயுளைப் பற்றியதுதான். ஒரு பொருள் எப்போது கெட வேண்டும் என்பதையும் வடிவமைக்கலாம் என்பதற்குப் பழைய சாட்சி குண்டு பல்பு. 1924இல் பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்தன. பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று தங்களுக்குள் வரையறுத்துக்கொண்டன. அதைவிட அதிக நாள் எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதம் போட்டார்கள். இதற்கு நேர்எதிர் திசையில், பிரான்ஸ் 2021 முதல் கைபேசி, மடிக்கணினி, சலவை இயந்திரம் போன்றவற்றுக்கு, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று கடையிலேயே எழுதிப் போட வைத்தது. உதிரிப் பாகம் கிடைக்கிறதா, எத்தனை படியில் கழற்றலாம் என்பவையெல்லாம் அதில் கணக்கு.

மதிப்பெண் இல்லாத பொருளுக்கு நாமே பார்க்கலாம். நாற்காலி ஒட்டப்பட்டிருக்கிறதா, திருகாணியோ மரப் பொருத்தோ இருக்கிறதா? பையின் ஜிப்பை மாற்ற முடியுமா? சட்டையின் உள்தையலில் பிரித்துத் தைக்க மிச்சத் துணி விட்டிருக்கிறார்களா? அந்தக் காலத்துத் தையல்காரர்கள் கேட்காமலே விடுவார்கள்.

பெயரைத் திருடுவது

கைவினைஞரின் வயிற்றில் நேரடியாக அடிப்பது போலி. ஆஸ்திரேலியாவில் பிருபி ஆர்ட் என்ற நிறுவனம் பழங்குடி மக்களின் பாணியில் பூமராங் போன்றவற்றை விற்றது. கையால் தீட்டியது, ஆஸ்திரேலியப் பழங்குடிக் கலை என்றெல்லாம் தோன்றும்படி சொற்கள். செய்தது இந்தோனேசியாவில். 2019இல் நீதிமன்றம் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நிறுவனம் அதற்குள் கலைப்புக்குப் போயிருந்தது என்பது வேறு கதை. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூர்வகுடிகள் செய்யாத பொருளை அவர்கள் செய்தது என்று விற்பது குற்றம்; சிறைத் தண்டனை வரை போகலாம்.

இதில் என் மனதுக்குப் பிடித்த ஏற்பாடு ஹாரிஸ் ட்வீட். ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெய்யும் கம்பளித் துணி. 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. தூய கம்பளியை அந்தத் தீவுகளிலேயே சாயமேற்றி நூற்க வேண்டும், தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்ய வேண்டும், அங்கேயே பதனப்படுத்தி முடிக்க வேண்டும். 'வீட்டில்' என்ற ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். பெரிய முதலாளி ஒருவர் கொட்டகை போட்டு நூறு தறி வைத்து அதே துணியை நெய்தாலும் அந்தப் பெயரைப் போட முடியாது. வேலை அந்த வீடுகளிலேயே இருக்கும்படி ஒரு சொல் காவல் நிற்கிறது. தறிகள் பழங்காலத் தறிகள் அல்ல. காலால் மிதித்து ஓட்டும், ஓரளவு நவீனமானவைதான். பாரம்பரியம் என்றால் எதையும் மாற்றாமல் வைத்திருப்பது என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பதில்.

சாதாரணமாக வாங்கும்போது போலியைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. பூத்தையலைத் திருப்பினால், இயந்திர வேலையில் பின்பக்கம் பெரும்பாலும் ஒரே வெள்ளை நூல் ஓடியிருக்கும். கைவேலையில் மேலே உள்ள நிறமே கீழேயும் இருக்கும். மர அச்சில் குத்திய துணியில், ஓர் அச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நூலளவு இடைவெளியோ மேலேறலோ தெரியும், சாயத்தின் அழுத்தமும் இடத்துக்கு இடம் கூடிக் குறையும். இயந்திர அச்சில் எல்லாம் ஒரே சீர்.

நேரடியாக ஆர்டர் கொடுப்பதாக இருந்தால்

செய்பவரிடமே பேரம் பேசாதீர்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சின்ன அளவில் கேளுங்கள், வேலைப்பாட்டைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேசி முடித்த பிறகு பாதிப் பணத்தை முன்னால் கொடுங்கள். மாதிரி ஒன்று செய்து காட்டச் சொன்னால் அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள்; மாதிரிக்கும் அதே உழைப்புத்தான். ஒருவரின் வடிவத்தைப் படம் பிடித்து, 'இதே மாதிரி குறைந்த விலையில்' என்று இன்னொருவரிடம் போகாதீர்கள். அப்புறம், தாமதம் ஆகும். மழை பெய்தால் சாயம் காயாது, மண்பாண்டம் உலராது. பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் போய் நின்றுவிட்டு, கைவினைஞர்கள் சொன்ன தேதியில் கொடுப்பதில்லை என்று குறை சொல்லக் கூடாது.

கையில் பணம் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் எட்டாத விஷயம் என்று சிலர் சொல்வார்கள். விலை உயர்ந்ததை வாங்கினால்தான் நியாயமாக வாங்குவது என்று பொருளில்லை. இருப்பதைத் தைத்துப் போடுவது, பழையதை வாங்குவது, மூன்றுக்குப் பதில் ஒன்று வாங்குவது எல்லாம் இதில் சேர்த்திதான். வாங்கும் அந்த ஒன்று கையால் நெய்ததாக இருந்தால், அதே சாயத் தொட்டியில் முக்கியெடுத்த நூல் ஒரு கண்டு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இயற்கைச் சாயம் தொட்டிக்குத் தொட்டி மாறும்; நாலு ஆண்டு கழித்து ஒட்டுப் போடும்போது அந்த நிறம் வேறெங்கும் கிடைக்காது.